பழைய கணினியில் புதிய படத்தொகுப்பு: பழவேற்காட்டுப் படப்பதிவாளர்களுக்கான மென்பொருள் மதிப்பீடு

இந்தியாவின் உவர்நீர் ஏரிகளுள் ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்த பெரிய ஏரியான பழவேற்காடு, படம்பிடிப்போருக்கு இருவகை வேலைகளைத் தருகிறது. மீனவக் குப்பங்களின் திருமணம், காதணி விழா, மாதா கோவில் தேர் ஆகியவற்றைப் பதிவுசெய்து பிழைப்பு நடத்துவது ஒன்று. குளிர்காலத்தில் வந்து தங்கும் பூநாரைகளையும், கோட்டைக்குப்பம், ஆண்டிகுப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்கள் மீன்பிடி இடங்களை முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் ‘பாடு’ வழக்கத்தையும், மணல் தூர்ந்து அடைபடும் முகத்துவாரத்தையும் ஆவணமாக்குவது மற்றொன்று. முதல் வேலையின் வருவாயிலிருந்தே இரண்டாவதற்கும் கருவி வாங்கவேண்டியிருப்பதால், எந்த மென்பொருளை நம்புவது, கணினியின் எந்த உறுப்பை முதலில் மாற்றுவது என்பவை இக்கரையில் வெறும் விருப்பத்தின்பாற்பட்ட கேள்விகள் அல்ல.

இம்மதிப்பீட்டுக்கு எடுத்துக்கொள்ளப்பட்டது, சென்னை ரிச்சி தெருவில் செகண்ட் ஹேண்டாகக் கிடைக்கும் வகையைச் சேர்ந்த மேசைக்கணினி: இன்டெல் ஆறாம் தலைமுறைச் செயலி, 8 ஜிபி நினைவகம், 4 ஜிபி கொண்ட தனி வரைகலை அட்டை, சுழலும் வன்தட்டு. இத்தகைய கணினியில் 4கே காணொளியைத் திறந்தவுடன் படம் விட்டுவிட்டு ஓடுவதைக் காண்போர் பெரும்பாலும் வன்தட்டையே குறைசொல்வர். ஆனால் கணக்கு வேறு. நொடிக்கு 100 மெகாபிட் வீதம் பதிவாகும் காணொளி, மணிக்கு 45 ஜிபி இடத்தை அடைத்தாலும், வாசிக்கும்போது நொடிக்கு 12.5 மெகாபைட் மட்டுமே கேட்கிறது. சாதாரண வன்தட்டு அதைவிடப் பல மடங்கு வேகமாகத் தரவல்லது. உண்மையான சுமை எச்.265 என்னும் சுருக்கமுறையில் உள்ளது. ஒவ்வொரு சட்டகத்தையும் முழுமையாகச் சேமிக்காமல், முன்பின் சட்டகங்களிலிருந்து மாறுபடும் பகுதிகளை மட்டும் குறித்துவைக்கும் முறை இது என்பதால், நடுவிலுள்ள ஒரு காட்சியைக் காட்டுவதற்குக்கூட அதற்கு முந்தைய பலவற்றைக் கணினி கணக்கிட்டாக வேண்டும்.

இதற்கான மருந்து காசு கொடுத்து வாங்கவேண்டியதன்று. மூலக்கோப்பைத் தொடாமல், அதன் சிறிய பிரதி ஒன்றை எளிதில் ஓடும் வடிவத்தில் உருவாக்கி, வெட்டுதல் ஒட்டுதல் அனைத்தையும் அதன்மீது செய்து, இறுதி வெளியீட்டின்போது மட்டும் மூலத்துக்குத் திரும்பும் முறை ‘பிராக்ஸி’ எனப்படுகிறது. டாவின்சி ரிசால்வ், கேடன்லைவ் என்னும் படத்தொகுப்பு மென்பொருள்கள் இரண்டிலும் இவ்வசதி உள்ளது. பிரதிகளை இரவில் உருவாக்க விட்டுவிட்டு மறுநாள் தொகுக்கும்போது, திணறிய அதே கணினி தடையின்றி ஓடுகிறது. திடநிலை வட்டு எனப்படும் எஸ்எஸ்டி வேறொரு வகையில் பயன்படுகிறது: இயங்குதளம் எழும் நேரமும், நூற்றுக்கணக்கான துணுக்குகளின் சிறுபடங்கள் தோன்றும் நேரமும் அதனால் வெகுவாகக் குறைகின்றன. ஆகவே முதற்செலவு எஸ்எஸ்டிக்கும், அடுத்தது நினைவகத்தை 16 ஜிபி ஆக்குவதற்கும் உரியவை. புதிய செயலிக்காகக் கடன்படுவது, பிராக்ஸி முறையைப் பழகிய பின்னும் போதாதபோது மட்டுமே நியாயமாகும்.

டாவின்சி ரிசால்வ், திரைப்பட வண்ணச் சீரமைப்புக்கெனப் பிறந்து, 2009இல் ஆஸ்திரேலியாவின் பிளாக்மேஜிக் டிசைன் நிறுவனத்தின் கைக்கு வந்த மென்பொருள். அதன் இலவசப் பதிப்பு 3840 x 2160 அளவு வரை, நொடிக்கு 60 சட்டகம் வரை வெளியிடுகிறது. வெளியீட்டில் முத்திரை எதுவும் பதிப்பதில்லை. திருமணக் காணொளிக்கு இது தாராளம். ஏரியின் காலைப் பனியில் வெளிறிப்போகும் வானத்தையும் பூநாரையின் இளஞ்சிவப்பையும் தனித்தனியே சீர்செய்ய இதன் வண்ணப் பகுதி தரும் கட்டுப்பாடு, கட்டண மென்பொருள்கள் பலவற்றிலும் இல்லாதது. குறைகளும் உண்டு. விடியலுக்கு முன் வலை வீசும் காட்சியில் படியும் புள்ளிப்புள்ளியான இரைச்சலை நீக்கும் வசதி இலவசப் பதிப்பில் இல்லை; தனி வரைகலை அட்டை இல்லாத பழைய கணினியில் இம்மென்பொருளை நம்பி வேலை ஒப்புக்கொள்ள முடியாது. லினக்ஸ் இயங்குதளத்தில் இலவசப் பதிப்பு எச்.264, எச்.265 கோப்புகளைத் திறப்பதே இல்லை.

பதிப்பு மாற்றம் குறித்து ஓர் எச்சரிக்கை மிக முக்கியமானது. ரிசால்வின் புதிய பதிப்பு பழைய திட்டங்களைத் தன் வடிவத்துக்கு மாற்றிக்கொள்கிறது. அவ்வாறு மாறிய திட்டத்தைப் பழைய பதிப்பில் மீண்டும் திறக்க இயலாது. முகூர்த்தங்கள் நெருங்கி வரும் தை மாதத்தில், பாதி முடிந்த தொகுப்புகளை வைத்துக்கொண்டு புதிய பதிப்பை நிறுவுவது வாடிக்கையாளரின் நம்பிக்கையையே பணயம் வைப்பதாகும். திட்ட நூலகத்தை வெளிவட்டில் படியெடுத்த பின், வேலை ஓய்ந்த ஆடியில் மாற்றிக்கொள்வதே முறை.

ஒளிப்படங்களுக்கு வரும்போது கேள்வியின் தன்மை மாறுகிறது. அடோபி நிறுவனம் 2013இல் சந்தா முறைக்கு மாறியபின், அதன் லைட்ரூம் கிளாசிக் மென்பொருளில் சந்தா நின்றதும் படங்களைப் பார்க்கவும் வெளியே எடுக்கவும் முடியுமே தவிர, திருத்தும் பகுதி பூட்டப்பட்டுவிடுகிறது. மீன்வரத்து குன்றி ஊரில் பணப்புழக்கம் நின்றுபோகும் மாதங்களை அறிந்த கரையில் இது சிறு குறையன்று. 2009இல் வெளிவரத் தொடங்கிய கட்டற்ற மென்பொருளான டார்க்டேபிள், செய்த திருத்தங்களை ஒவ்வொரு படத்தின் அருகிலும் எக்ஸ்எம்பி என்னும் சிறு துணைக்கோப்பில் எழுதிவைக்கிறது, மூலப்படம் மாறுவதில்லை. கற்பதற்கு லைட்ரூமைவிடக் கடினம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. முதற்சில வாரங்கள் வேலை மந்தமாகும். ஆயினும் பத்தாண்டுப் படங்களைச் சேர்த்துவைக்க விரும்புவோர் அவ்வுழைப்பை ஏற்பது தகும்.

சேர்த்துவைப்பதன் பொருள் என்ன என்பதை 2023 டிசம்பர் உணர்த்தியது. மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியபோது, தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானாக முன்வந்து வழக்கை விசாரித்தது. அத்தகைய வேளையில் ஒரு படத்துக்கு வலுச்சேர்ப்பது, எடுத்த நாள், நேரம், சில கருவிகளில் இடம் ஆகியவற்றைப் படத்துக்குள்ளேயே பொதிந்துவைக்கும் எக்சிஃப் தரவு. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பும்போது இத்தரவு களையப்படுகிறது. ‘ஆவணம்’ என்ற தெரிவில் அனுப்பினால் மூலக்கோப்பு அப்படியே செல்கிறது. ஏரிக்கரையில் வாழ்வோரின் உரிமைக்கு நாளை சான்றாகக்கூடிய படங்கள், கவனக்குறைவால் இவ்வாறு வலுவிழப்பது வேதனைக்குரியது.

அழைப்பிதழ், பிளெக்ஸ் பதாகை ஆகியவற்றை வடிவமைப்போர் இன்றும் 2002ஆம் ஆண்டின் போட்டோஷாப் 7ஐயும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களையும் விடாமலிருப்பதற்குக் காரணம் சோம்பல் அல்ல. யூனிகோடு முறையில் ‘கொ’ என்ற எழுத்தை உருவாக்க, மெய்க்குப் பின்னால் சேமிக்கப்படும் உயிர்க்குறியை மென்பொருள் தானே பிரித்து இருபுறமும் வைக்க வேண்டும். அத்திறனற்ற மென்பொருள்களில் கொம்பு இடம் மாறி எழுத்து சிதைகிறது. இன்றைய போட்டோஷாப்பில் தெற்காசிய எழுத்துகளுக்கான அமைப்பைத் தெரிவுசெய்தால் இக்குறை நீங்குகிறது. வரைகலை மென்பொருளான இங்க்ஸ்கேப் தொடக்கத்திலேயே சரியாகக் கோக்கிறது. கேன்வா நிறுவனம் 2025 அக்டோபரில் இலவசமாக்கிய அஃபினிட்டி, வடிவமைப்புத் திறனில் சிறந்ததாயினும் அதன் முந்தைய பதிப்புகள் தமிழைச் சிதைத்தவை என்பதால், ‘கொண்டோம்’, ‘சௌந்தரம்’ ஆகிய சொற்களைத் தட்டிப் பார்த்த பின்னரே அதில் வேலையை ஒப்புக்கொள்ள வேண்டும்.

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்தது; நீட்டிப்புக்குப் பதிவுசெய்த தனிநபர் கணினிகளுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2026 அக்டோபர் வரை கிடைக்கும். இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய பெரும்பாலான செயலிகள் விண்டோஸ் 11க்கு முறைப்படி ஏற்கப்படாமையால், இனிச் செகண்ட் ஹேண்ட் கணினி வாங்குவோர் எட்டாம் தலைமுறைக்குக் கீழே இறங்கக்கூடாது. ஏற்கெனவே பழையது வைத்திருப்போர் அதை லினக்ஸுக்கு மாற்றி, கேடன்லைவ், டார்க்டேபிள், இங்க்ஸ்கேப் ஆகியவற்றோடு தொடரலாம். எந்தக் கணினியாயினும், உப்புக்காற்று இணைப்புமுனைகளை அரிக்கும் இவ்வூர்களில், பயன்படாத நேரத்தில் மூடிவைப்பதும், வெளிவட்டுகளைச் சிலிக்கா ஜெல் இட்ட காற்றுப்புகாப் பெட்டியில் வைப்பதும், மின்தடைக்கு யூபிஎஸ் அமைப்பதும் கட்டாயம்.

ரிசால்வின் ஸ்டூடியோ பதிப்புக்கு ஒரே முறை 295 டாலர் செலுத்தினால் போதும். இதுவரை அடுத்தடுத்த பதிப்புகளுக்குத் தனிக்கட்டணம் கேட்கப்படவில்லை. விடியலிலும் இரவிலும் படகேறிப் படமெடுப்போருக்கும், 10 பிட் வண்ணத்தில் பதியும் கேமரா வைத்திருப்போருக்கும் அது தகுந்த முதலீடு. மற்றவர்களுக்கு இலவசப் பதிப்பும் ஓர் எஸ்எஸ்டியும் போதும். மிஞ்சும் பணத்தில் இரண்டாவது வெளிவட்டு ஒன்றை வாங்கி, மூலக்கோப்புகளின் மறுபிரதியை வேறொரு வீட்டில் வைத்திருப்பது நல்லது.