‘மீளும்’ என்பதற்குச் சான்று எங்கே?

ஆண்களுக்கு ஒரே ஓர் ஊசி. பிள்ளை வேண்டுமென்றால் இன்னோர் ஊசியில் பழைய நிலை திரும்பிவிடும். ‘ரிசக்’ என்னும் கருத்தடை முறையைப் பற்றி இவ்வாறு எழுதப்படுவதை நீங்கள் படித்திருக்கலாம். இதில் முன்பாதிக்குச் சான்று உண்டு. பின்பாதியைத்தான் சற்று உரைத்துப் பார்க்க வேண்டும்.

பேராசிரியர் சுஜய் குகா 1970-களின் இறுதியில் தொடங்கிய ஆராய்ச்சி இது. பின்னர் கரக்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் தொடர்ந்தது. ஸ்டைரீன் மாலியிக் அன்ஹைட்ரைடு என்னும் பாலிமரை டைமெத்தில் சல்பாக்சைடில் கரைத்து, விந்து நாளத்தினுள் ஊசி மூலம் செலுத்துகிறார்கள். அது நாளத்தின் உட்சுவரில் படிகிறது. தன்னைக் கடந்து செல்லும் விந்தணுக்களின் மேலுறையைச் சிதைக்கிறது. சிதைந்த விந்தணுவால் கருவுறச் செய்ய இயலாது. நாளத்தை வெட்டுவதில்லை, ஹார்மோன் தருவதுமில்லை. அழகான எண்ணம் என்பதில் ஐயமில்லை.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் மூன்றாம் கட்டச் சோதனை முடிவுகள் 2023-இல் வெளிவந்தன. மணமான ஆண்கள் 303 பேர், ஏழாண்டுக் கண்காணிப்பு, கருத்தரிப்பைத் தடுப்பதில் 99.02 விழுக்காடு வெற்றி. ஆனால் அச்சோதனையில் படிவை நீக்கிப் பார்க்கவில்லை. நீக்கிப் பார்த்ததெல்லாம் விலங்குகளில்தான். எலியிலும் முயலிலும் அதே கரைப்பானையோ, சமையல் சோடாக் கரைசலையோ செலுத்திக் கழுவியபோது இனப்பெருக்க ஆற்றல் திரும்பியது. லங்கூர் குரங்குகளிலும் விந்தணு திரும்பியது. நம்பிக்கை தரும் செய்திதான். எனினும் முயல் மனிதனாகாது.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். விந்தணு திரும்புவது வேறு, தந்தையாவது வேறு. குடும்பக் கட்டுப்பாட்டு அறுவையில் வெட்டிய நாளத்தை மீண்டும் இணைத்துக்கொண்டவர்களில், விந்தணு திரும்பியும் குழந்தை பிறக்காதவர்கள் உண்டு. இடையில் ஆண்டுகள் கூடக் கூட வாய்ப்பும் குறைகிறது. பல ஆண்டுகள் படிந்திருந்த பாலிமரைக் கழுவியபின் நிலை என்ன? இதைக் கணக்கெடுத்தாலன்றிச் சொல்ல முடியாது.

‘ரிசக்’ என்ற சுருக்கப் பெயரின் முதலெழுத்தே ‘மீளக்கூடிய’ என்பதற்கான ஆங்கிலச் சொல்லைக் குறிப்பது. விடைத்தாளைத் திருத்துமுன் மதிப்பெண்ணைப் போட்டது போலாயிற்று! குடும்பம் போதும் என்று முடிவு செய்தவருக்கு இது பெரிய குறையன்று. குழந்தையைச் சில ஆண்டுகள் தள்ளிப்போட நினைக்கும் இளைஞரோ இந்த ஒரு சொல்லை நம்பித்தான் ஊசி போட்டுக்கொள்வார்.

தானே கரைந்துவிடும் கூழ்மம் ஒன்றை நாளத்தில் செலுத்தும் சோதனை 2022-இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கியது. அதன் செய்தி வரும்போதும், கூழ்மம் கரைந்தபின் எத்தனை பேர் தந்தையானார்கள் என்ற எண் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.