சிறை மீண்டவனின் பெயர்
(மு. சந்திரகுமாரின் ‘லாக்கப்’ நூலை முன்வைத்து)

ஊர் விட்டு ஊர் வந்து பிழைக்கிறவனிடம் முதலில் கேட்கப்படுவது, “நீ எந்த ஊரு? இங்க உன்னைத் தெரிஞ்சவங்க யாரு?” என்பதுதான். திருமலை அடிவாரத்தில் வாழும் நமக்கு இது புதிதல்ல. பதில் சொல்ல ஆள் இல்லாதவன் கதி என்ன ஆகும் என்பதே ‘லாக்கப்’.

1983-இல் ஆந்திராவின் குண்டூருக்குப் பிழைக்கப் போன இளைஞர் சந்திரகுமார். செய்யாத திருட்டை ஒப்புக்கொள்ளச் சொல்லி அவரையும் நண்பர்களையும் போலீஸார் அடித்தார்கள். பின்னாளில் கோவையில் ஆட்டோ ஓட்டியபடி அதை எழுதினார். 2006-இல் நூலாக வந்தது.

இந்தோனேசியாவில் 1965-க்குப் பின் லட்சக்கணக்கானோர் விசாரணையின்றிச் சிறைப்பட்டனர். விடுதலையான பிறகும் அவர்களது அடையாள அட்டையில் ‘முன்னாள் அரசியல் கைதி’ என்பதற்கான இரண்டெழுத்து முத்திரை இருந்தது. அரசு வேலை இல்லை, அக்கம்பக்கம் பேசாது. சிறை மீண்ட மார்ட்டின் அலெய்டா போன்றோரின் சிறுகதைகள் இந்த வடுவைத்தான் பேசுகின்றன. நம் நாட்டிலோ சுதந்திரப் போராட்டத்தில் சிறை சென்றவர் தியாகி. மாலை உண்டு, ஓய்வூதியமும் உண்டு. ஆக, சிறைவாசம் பெருமையா சிறுமையா என்பதைச் சிறை தீர்மானிப்பதில்லை, வெளியே நிற்கும் ஊர்தான் தீர்மானிக்கிறது.

சந்திரகுமாருக்கு மாலை எதுவும் இல்லை. திருட்டுப் பட்டம் சுமந்தவன் “நாலு பேருக்குத் தெரியக் கூடாது” என்று மூடி மறைப்பதுதான் உலக வழக்கம். இவரோ சொந்தப் பெயரில் எழுதினார். நூலின் உயிர் அங்கேதான் இருக்கிறது. அடிபட்ட விவரத்தை விட, அதை மறைக்க மறுத்த துணிவே பெரிது.

இதைத் தழுவி வெற்றிமாறன் எடுத்த ‘விசாரணை’ (2015) வெனிஸ் விழாவரை சென்ற நல்ல படம். ஆனால் படத்தில் அந்த இளைஞர்களில் பெரும்பாலோர் சாகிறார்கள். செத்தவனுக்காக நாம் அழுதுவிட்டு எழுந்து போய்விடலாம். உயிரோடு திரும்பி வந்தவனை வீட்டுக்குள் சேர்க்கிறோமா என்ற கேள்வியைப் புத்தகம்தான் கேட்க வைக்கிறது.

அந்தக் கேள்வி நமக்குத் தூரத்தில் இல்லை. 2015 ஏப்ரல் 7 அன்று நம் சேஷாசலம் காட்டில் தமிழகக் கூலிகள் 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அன்று முதல், ஜவ்வாது மலைப்பக்கத்து ஏழை ஒருவன் பஸ்ஸில் ஏறினாலே ‘செம்மரக்காரனோ?’ என்று பார்க்கும் கண்கள் உண்டு. அந்தக் கண்களில் நம்முடையதும் இருக்கிறதா? நம் பிள்ளைகளோடு உட்கார்ந்து ‘லாக்கப்’ படித்தால், பதில் நமக்கே தெரிந்துவிடும்.