நாமக்கல் முட்டை ஏற்றுமதியும் வளைகுடா நாடுகளின் ஒப்பந்தச் சட்டமும்: ஒரு திறனாய்வு

முன்னுரை

இஸ்லாமிய நாடுகளின் வணிகச் சட்டம் என்றவுடன் வட்டித் தடையும் ஹலால் சான்றிதழுமே பெரிதும் பேசப்படுகின்றன. நாமக்கல் ஏற்றுமதியாளரின் பட்டறிவு வேறொன்றைக் காட்டுகிறது. இந்திய முட்டைகளுக்குப் புதிய இறக்குமதி அனுமதி வழங்குவதை ஓமன் நிறுத்தியதால் சோகார் துறைமுகத்தில் சரக்குத் தேங்கியமையும், முட்டையின் எடை குறித்துக் கத்தார் புதிய கட்டுப்பாடு விதித்தமையும் 2024 டிசம்பரில் மாநிலங்களவையில் எழுப்பப்பட்டன. இத்தகைய இழப்பை யார் ஏற்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வினா.

இரு சட்ட மரபுகள்

சி.ஐ.எஃப். முறையில் சரக்கு கப்பலேறியதும் இடர்ப்பாடு வாங்குபவரைச் சேரும். இறக்குமதி அனுமதி பெறுவதும் அவர் கடமையே. அனுமதி மறுக்கப்பட்டால் என்ன ஆகும்? இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 56இன்படி, நிறைவேற்ற இயலாத ஒப்பந்தம் செல்லாததாகும். இயலுமெனில் முழுமையாக நிறைவேற்றப்பட வேண்டும். இடைவழி இல்லை. இந்தோனேசியச் சட்ட மாற்றத்தால் நிலக்கரி விலை உயர்ந்தபோதும் ஒப்பந்தக் கடமை நீங்காது என எனர்ஜி வாட்ச்டாக் வழக்கில் (2017) உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஓமனின் குடிமைப் பரிவர்த்தனைச் சட்டமும் (2013), கத்தாரின் குடிமைச் சட்டமும் (2004) இடைவழி வகுத்துள்ளன. எதிர்பாராத, அசாதாரண நிகழ்வால் கடமை பெருஞ்சுமையானால், இருதரப்பு நலன்களையும் எடைபோட்டு நீதிமன்றம் அதைக் குறைக்கலாம். இதற்கு மாறான உடன்பாடு செல்லாது. விற்ற விளைச்சல் இயற்கைச் சீற்றத்தால் அழிந்தால் விலையைக் குறைக்கும் மாலிக்கி, ஹன்பலி மரபுகளின் ‘ஜவாயிஹ்’ கோட்பாட்டோடு இவ்விதி ஒத்துள்ளது. எனினும் ஸன்ஹூரி வரைந்த எகிப்தியக் குடிமைச் சட்டத்தின் (1948) வழியே ஐரோப்பியச் சட்டச் சிந்தனையும் இதில் கலந்துள்ளது. ஆகவே இதனை ‘இஸ்லாமியச் சட்டம்’ என ஒற்றைச் சொல்லில் அடக்குவது பிழை.

மதிப்பீடு

இவ்விதி மனிதநேயமுடையது எனப் போற்றுவோர் ஒன்றைக் காணத் தவறுகின்றனர். சலுகை கடமைப்பட்டவருக்கே உரியது. மேற்கண்ட சூழலில் விலை செலுத்தக் கடமைப்பட்டவர் ஓமன் இறக்குமதியாளர். விலை குறைக்கப்பட்டால் இழப்பில் ஒரு பங்கு நாமக்கல்லுக்குத் திரும்பும். ஏற்றுமதியாகாத முட்டை உள்நாட்டுச் சந்தைக்கு வரும்போது, ஏற்றுமதியில் ஈடுபடாத சிறு பண்ணையாளரும் அச்சுமையைத் தாங்குவார். நீதிமன்றம் எடைபோடும் ‘இருதரப்பு’ என்பதில் அவருக்கு இடமில்லை.

மேலும், நிகழ்வு எதிர்பாராததாக இருத்தல் வேண்டும். முதல் அனுமதி மறுப்பு அவ்வாறு கருதப்படலாம். அது நாடறிந்த செய்தியான பின் நிகழும் அடுத்த மறுப்பை எதிர்பாராதது என வாதிடுவது கடினம். ஒரே விதி, ஒரே துறைமுகம், ஒரே சரக்கு. தீர்ப்போ இரண்டாம் முறை மாறக்கூடும்.

முடிவுரை

எனவே, எந்நாட்டுச் சட்டம் ஒப்பந்தத்தை ஆளும் என்பதை ஏற்றுமதியாளர் வெறும் சடங்கு வாசகமாகக் கொள்ளலாகாது. அனுமதி எண் கிடைத்த பின்னரே சரக்கேற்றல், குறிப்பிட்ட பங்கு முன்பணம், மாற்றுத் துறைமுகத்தில் இறக்கும் உரிமை ஆகியவை ஒப்பந்தத்திலேயே இடம்பெற வேண்டும். வட்டி குறித்த விவாதங்களைத் தாண்டி, இழப்பைப் பகிரும் விதிகளையும் தமிழாய்வு கவனத்தில் கொள்வது இன்றைய தேவையாகும்.