எபிரேய வேதம்: நம் கரைக்கு வந்த வழிகளும் வாசிக்கும் முறைகளும்

சதுரங்கப்பட்டினக் கோட்டைக்குள் இருக்கும் டச்சுக் கல்லறைகளைப் படம் பிடிக்க வருகிறவர்கள் பலர். அந்த டச்சுக்காரர்களின் நாட்டில் 1637-இல் வெளிவந்த வேதாகமத்தை நினைப்பவர் குறைவு. பழைய ஏற்பாட்டை இலத்தீனை நம்பாமல் எபிரேயத்திலிருந்தே நேராகப் பெயர்த்த நூல் அது. மூலத்தைப் பார்த்துவிட்டுப் பேசு என்பது சீர்திருத்தச் சபைகளின் முதல் நியதி.

அதே நியதியோடுதான் ஜெர்மனியின் ஹாலே நகரத்தில் படித்தவர்கள் தமிழுக்கு வந்தார்கள். தரங்கம்பாடியில் சீகன்பால்கு ரூத் புத்தகம் வரை பெயர்த்து 1719-இல் மறைந்தார். மீதியை அவருக்குப் பின் வந்த சூல்ட்சே முடித்தார். வேப்பேரியில் பப்ரிசியுஸ் உழைத்த பழைய ஏற்பாடு முழுவதும் அச்சேறி முடிந்தது 1796-இல். அதைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை.

நாம் அதிகம் அறியாதது யூதர்களின் உரை மரபு. 1524-25-இல் வெனிஸ் நகரில் பாம்பெர்க் அச்சிட்ட எபிரேய வேதப் பதிப்பைத் திறந்தால், நடுவில் மூலம், பக்கத்தில் அரமேயப் பெயர்ப்பு, சுற்றிலும் உரைகள். உரையாசிரியர்களில் 1105-இல் மறைந்த ராஷி நேர்ப்பொருளையும் சொல்வார், முன்னோர் சொன்ன கதைகளையும் சேர்ப்பார். இபின் எஸ்றா இலக்கணத்தைப் பிடித்துக்கொண்டு கறாராக நடப்பார். ஒருவரை மற்றவர் மறுக்கும் இடமும் அதே பக்கத்தில் இருக்கும். மணக்குடவரையும் பரிமேலழகரையும் அருகருகே வைத்துக் குறள் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. கருத்து வேறுபாட்டை மறைக்காத இந்த ஒழுங்குதான் என் கணக்கில் மிக உயர்ந்த தரம்.

செங்கல்பட்டுக்கு வருவோம். இங்கே பள்ளியும் சபையும் நடத்தியது ஸ்காட்லாந்தின் சுயாதீன சபை. தூய கொலம்பா பள்ளி அதன் நினைவு. அந்தச் சபைதான் அபர்தீனில் எபிரேயம் கற்பித்த ராபர்ட்சன் ஸ்மித்தை 1881-இல் பதவியிலிருந்து நீக்கியது. ஐந்தாகமங்கள் ஒரே கையால் ஒரே காலத்தில் எழுதப்படவில்லை என்ற ஆய்வை அவர் ஏற்று எழுதியதே வழக்கின் வேர். உதாரணமாக, ஆதியாகமம் முதல் அதிகாரத்தில் மிருகங்களுக்குப் பிறகு மனிதன். இரண்டாம் அதிகாரத்தில் மனிதனுக்குப் பிறகு மிருகங்கள். இதைக் கவனித்துக் கேள்வி கேட்பது விசுவாசக் குறைவு என்று அன்று பலர் நினைத்தார்கள். இன்று இறையியல் கல்லூரிகளில் இது முதலாண்டுப் பாடம். ஸ்மித் பக்கமே நியாயம் இருந்தது என்பேன்.

கத்தோலிக்கர் நெடுங்காலம் இலத்தீன் வேதத்தையே சார்ந்திருந்தார்கள். 1943-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் மூலமொழி ஆய்வை ஊக்குவித்த பிறகு நிலை மாறியது. 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தில் கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையாரும் சேர்ந்து உழைத்தார்கள். இந்தப் பணியில் பெயர் பெற்ற திண்டிவனம் விவிலிய நடுநிலையம் நமக்கு எட்டிய தூரம்தான்.

இத்தனை வாசிப்பு மரபுகள் இருந்தும் நம் மேடைகளில் நடப்பது வேறு. முதலில் பிரசங்கம் தயாராகிவிடுகிறது. பிறகு அதற்கு வசனம் தேடுகிறார்கள். எரேமியா 29:11 மட்டும் காலண்டரில் தொங்குகிறது; அது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதிய கடிதம் என்பதும், எழுபது வருஷம் காத்திருக்கச் சொல்கிறது என்பதும் முந்தைய வசனங்களில் இருக்கிறது. அதை யாரும் வாசிப்பதில்லை.

எபிரேயம் எல்லோரும் கற்க முடியாது. ஆனால் ஒரு புத்தகத்தை முழுதாக, வரிசையாக, இரண்டு மொழிபெயர்ப்புகளை ஒப்பிட்டு வாசிக்கலாம். யோனாவில் நான்கே அதிகாரம். வருகிற ஞாயிறு வேதபாட வகுப்பில் அதிலிருந்து தொடங்குங்கள்.