சாளரத்துக்கு அப்பால் ஒரு முகம்

கீழ்வேளூரை அடுத்த சிற்றூர் ஒன்றின் நியாயவிலைக் கடையில் அண்மையில் நாம் கண்டது இது. நாற்று நட்டும் களை பறித்தும் விரல்கள் தேய்ந்துபோன மூதாட்டி ஒருவர், கைரேகைக் கருவியில் விரலை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். கருவி அவரை ஏற்கவில்லை. விற்பனையாளரோ அவரைப் பல்லாண்டுகளாக அறிந்தவர். "கையைத் துடைச்சிட்டு இன்னொரு தடவை வைங்க ஆயா" என்றவர், இறுதியில் "நாளைக்கு வந்து பாருங்க" என்று சொல்லித் தலை குனிந்துகொண்டார். அந்தக் குனிந்த தலை, நாம் முன்பு ஆடிய கணினி விளையாட்டு ஒன்றை மீண்டும் எண்ணிப் பார்க்கச் செய்தது.

'பேப்பர்ஸ், ப்ளீஸ்' என்பது அதன் பெயர். ஜப்பானில் வாழ்ந்துவந்த லூகஸ் போப் என்னும் அமெரிக்கர், பெருநிறுவனம் எதையும் சாராது தனியொருவராக உருவாக்கி 2013இல் வெளியிட்டார். ஆர்ஸ்டோட்ஸ்கா என்னும் கற்பனை நாடு, ஆண்டு 1982. ஆடுபவர் எல்லைச் சாவடியின் ஆய்வாளர். வரிசையில் வருவோரின் கடவுச்சீட்டை வாங்கி, ஒளிப்படம், எடை, காலாவதி நாள், முத்திரை ஆகியவற்றை ஒப்பிட்டுப் போலிகளைக் கண்டறிய வேண்டும். விதிகளோ அடிக்கடி மாறும். முறையாகச் சோதித்த ஒவ்வொருவருக்கும் ஐந்து நாணயம் கூலி. ஒரு நாளில் முதல் இரு பிழைகளுக்கு எச்சரிக்கை, பிறகு அபராதம். வாடகையும் உணவும் குளிர்காயும் செலவும் அந்தக் கூலியிலிருந்தே.

தொடக்கத்தில் இது வெறும் புதிராகவே இனிக்கிறது. முத்திரை பொருந்தாததைக் கண்டதும் நமக்குள் ஒரு வெற்றிக் களிப்பு. பிறகு ஒரு கணவர் வருகிறார். அவருடைய ஆவணங்கள் சரியானவை. பின்னால் வரும் தம் மனைவியிடம் இரக்கம் காட்டும்படி வேண்டிச் செல்கிறார். மனைவியிடம் நுழைவு அனுமதி இல்லை. திரும்பினால் கொன்றுவிடுவார்கள் என்கிறாள். அவளை உள்ளே விட்டால் எச்சரிக்கைத் தாள் அச்சாகி வருகிறது. அவளுடைய ஆவணமே குறையுடையது. அவள் பொய்யானவள் அல்லள். இந்த வேறுபாட்டை உணரவைப்பதே படைப்பின் தலையாய சிறப்பு.

2024இல் வந்த 'தட்ஸ் நாட் மை நெய்பர்' என்னும் விளையாட்டோடு ஒப்பிட்டால் இது மேலும் விளங்கும். அங்கே ஆடுபவர் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாயிற்காவலர். குடியிருப்போரின் உருவில் வரும் மாயப் பிறவிகளைத் தடுக்க வேண்டும். வந்தவன் உண்மையிலேயே அரக்கன் என்பதால், ஐயுறுவதே அங்கு அறமாகிவிடுகிறது. திறமான ஆட்டம்தான், ஆனால் ஆய்ந்து முடித்தபின் மனத்தில் உறுத்தல் எதுவும் எஞ்சுவதில்லை.

போப்பின் படைப்பிலும் குறை உண்டு. அந்த மனைவியை அனுமதித்தால் ஆடுபவருக்கு நன்றியாக ஒரு வில்லை கிடைக்கிறது; சேகரித்து வைக்கத்தக்க பரிசு அது. இரக்கத்துக்கும் விலை குறித்துவிட்டாரே என்று நமக்கு வருத்தமே.

சோதனை துல்லியமானால் எல்லாம் சரியாகிவிடும் என்று சிலர் கருதலாம். நீதித் தலைவர்கள் நூலின் பன்னிரண்டாம் அதிகாரத்தில், யோர்தான் துறையில் 'ஷிபோலத்' என்னும் சொல்லை உச்சரிக்க இயலாத எப்ராயிமியர் கொல்லப்படுகின்றனர். அப்போரில் மாண்டோர் 42,000 பேர் என்கிறது அந்நூல். இலங்கைக் கலவரங்களின்போது, வாளியைக் குறிக்கும் 'பால்திய' என்ற சிங்களச் சொல்லைச் சொல்லவைத்துத் தமிழரைப் பிரித்தறிந்ததாகத் தப்பியோர் நினைவுகூர்ந்துள்ளனர். அச்சோதனைகள் பிழைபட்டதால் கொடியவை ஆகவில்லை. சரியாகவே வேலை செய்தன. அடையாளம் காண்பது வேறு, ஒருவரை அறிவது வேறு.

மறுநாள் வேறொரு விரல் பொருந்தி, அந்த மூதாட்டிக்கு அரிசி கிடைத்ததாக அறிந்தோம். கருவிக்கு அது முதல் சந்திப்பு; விற்பனையாளருக்கோ முந்தைய நாளே தெரிந்த முகம். தெரிந்தும் கைகட்டி நின்ற அவரைக் குறைகூற நமக்கு மனம் வரவில்லை. ஐந்து நாணயத்துக்காக எத்தனை பேரைத் திருப்பி அனுப்பினோம் என்பது நமக்கே தெரியும். அவருடைய இருக்கையில் நாம் அமர்ந்திருந்தால் என்ன செய்திருப்போம்?