படகு எஞ்சினில் டர்போ: வாங்கும் வேகமும் கொடுக்கும் விலையும்

அரிசோனா, கலிஃபோர்னியா மாநிலங்களின் எல்லையிலுள்ள ஹவாசு ஏரி, மிசௌரியின் ஓசார்க்ஸ் ஏரி போன்ற இடங்களில் இன்றும் ஓடும் பழைய வேகப்படகுகள் பலவற்றின் வயிற்றில் இருப்பது ஷெவர்லேயின் 7.4 லிட்டர் வி8 பெட்ரோல் எஞ்சின். பிக்அப் வண்டிக்கு வார்த்த அதே இரும்பு பிளாக்கைப் படகுக்கேற்ப மாற்றி மெர்க்குரூசர் விற்றது. சக்தி ஏறத்தாழ 300 குதிரைத்திறன். எஞ்சின் நன்றாக இருக்கிறது, படகும் உறுதியாக இருக்கிறது, வேகம்தான் போதவில்லை என்று நினைக்கும் உரிமையாளருக்குச் சீக்கிரமே தோன்றும் யோசனை, டர்போ மாட்டலாமே என்பது.

வீணாகப் போகும் புகையால் ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதே தண்டின் மறுமுனையிலுள்ள சக்கரத்தால் காற்றை அமுக்கி சிலிண்டருக்குள் திணிப்பதுதான் டர்போவின் வேலை. ஆல்ஃபிரட் பூக்கி என்ற ஸ்விஸ் பொறியாளர் 1905இல் காப்புரிமை பெற்ற கருத்து இது. இன்றைய கப்பல்களில் டர்போ இல்லாத பெரிய டீசல் எஞ்சினைத் தேடித்தான் பார்க்க வேண்டும். அப்படியிருக்க, பெட்ரோல் படகுக்கு மட்டும் என்ன தயக்கம்? தயங்கத்தான் வேண்டும் என்கிறேன். டர்போவில் குறையில்லை. அதை வெறும் உதிரிபாகமாக எண்ணி, வேறு நோக்கத்தில் செய்த எஞ்சினின் தலையில் கட்டுவதுதான் குறை.

முதலில் வேகக் கணக்கு. நீர்ப்பரப்பின் மேல் எழும்பி ஓடும் படகுகளுக்கு, அமெரிக்கப் படகு வடிவமைப்பாளர் ஜார்ஜ் குரௌச்சின் சூத்திரம் ஒன்று இன்றும் பயன்படுகிறது. எடைக்கேற்ற சக்தியின் வர்க்கமூலத்துக்கு ஏற்பத்தான் வேகம் கூடும் என்பது அதன் சாரம். 300 குதிரைத்திறனில் மணிக்கு 90 கிலோமீட்டர் ஓடும் படகு, 450 ஆக்கினால் 110ஐ எட்டும். 600 ஆக்கினாலும் 127தான். எஞ்சின் தாங்க வேண்டிய அழுத்தமும் வெப்பமும் குடிக்கும் பெட்ரோலும் இப்படி வர்க்கமூலத்தோடு நின்றுவிடுவதில்லை. சக்தி ஏறுகிற அளவுக்கு அவையும் ஏறுகின்றன. சரியான புரொப்பெல்லரும் தேவையற்ற எடையைக் குறைப்பதும் தரும் ஆதாயத்தை இந்தக் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் டர்போவில் பணம் போடுவது அவசரம்.

அடுத்தது சுமை. சமதளச் சாலையில் 100 கிலோமீட்டர் வேகத்தைத் தக்கவைக்க ஒரு சாதாரணக் காருக்கு 20, 25 குதிரைத்திறன் போதும். முந்திச் செல்லும் சில நொடிகளுக்கு மட்டும் டர்போ முழுமூச்சாக உழைக்கும், பிறகு ஆறும். படகுக்கு அந்த ஓய்வு கிடையாது. தண்ணீர் ஓயாமல் இழுத்துப் பிடிப்பதால், நிதானமாகப் போகும்போதே எஞ்சின் தன் சக்தியில் பாதியைக் கொடுத்துக்கொண்டிருக்கும். முடிவில்லாத மலைப்பாதையில் சுமையோடு ஏறும் லாரியின் நிலை அது. காரில் பல ஆண்டு தாங்கிய டர்போ அமைப்பு படகில் ஒரு கோடையில் பிஸ்டனை உருக்கினால் அதில் வியப்பில்லை. அமுக்கிய காற்றும் பெட்ரோலும் உரிய நேரம் தவறி வெடிக்கும் ‘நாக்கிங்’தான் இங்கே பெரும் எதிரி. காரில் அந்தச் சத்தம் ஓட்டுநர் காதில் விழும். படகின் இரைச்சலில் விழாது. விபரீதம் தெரியும்போது பிஸ்டனில் ஓட்டை விழுந்திருக்கும்.

இந்த இடத்தில் டர்போவின் பக்கத்து நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். காற்றை அரை பார் அளவுக்கு அமுக்கினால் அதன் வெப்பம் 50 டிகிரிக்கு மேல் ஏறும். காரில் அதை ஆற்றுவதும் காற்றுதான். படகைச் சுற்றிலும் இருப்பதோ எடுக்க எடுக்கக் குறையாத குளிர்ந்த நீர். ஏரி நீரைப் பாய்ச்சும் ஒரு நல்ல இன்டர்கூலர், அமுக்கிய காற்றை நீரின் வெப்பநிலைக்கு அருகிலேயே கொண்டுவந்துவிடும். நாக்கிங்கைத் தள்ளிவைக்க இதைவிடச் சிறந்த வழி குறைவு. இன்னொரு சாதகமும் உண்டு. துறைக்கு அருகே அலை எழுப்பாமல் ஊர்ந்துதான் வர வேண்டும் என்ற விதியால், எஞ்சினை அணைப்பதற்கு முன்பே டர்போ தானாக ஆறிவிடுகிறது. தாங்கிகளில் எண்ணெய் கருகிப் படிவது குறைகிறது.

ஆனால் அதே நீர்தான் புகைப்பாதையில் தொல்லையாக மாறுகிறது. படகுகளில் புகையைக் குளிர்விக்க, வெளியேறும் குழாயிலேயே நீரைக் கலந்து விடுவார்கள். டர்போவைக் கடந்த பிறகுதான் அந்த நீர் கலக்கலாம். ஆகவே அதுவரையிலான பாதை காய்ந்தே இருக்க வேண்டும். முழுச் சுமையில் அங்கே புகையின் வெப்பம் 800, 900 டிகிரி. நீர்மட்டத்துக்குப் போதிய உயரத்தில் டர்போ இல்லையென்றால், எஞ்சின் நின்றதும் பின்னால் வந்து மோதும் அலை குழாய்வழியே ஏறி, கொதிக்கும் சக்கரத்தின்மேல் விழும், சிலிண்டருக்குள்ளும் போகும். நீர் உறை போட்ட டர்பைன் கூடு இருந்தால் வெளிப்பரப்பு தணியும். ஆனால் சக்கரத்தைச் சுழற்ற வேண்டிய வெப்பத்தில் ஒரு பங்கை அந்த உறையே விழுங்கிவிடுவதால் டர்போ விழித்தெழத் தாமதமாகும்.

அந்தத் தாமதம் படகில் பெரிய குறை. காருக்குக் கியர் உண்டு. இத்தகைய படகுக்கு முன்னோக்கி ஒரே கியர்தான். உச்ச வேகத்துக்கென்று கூடுதல் பிட்ச் (ஒரு சுற்றில் முன்னேறும் தூரம்) உள்ள புரொப்பெல்லரைப் பூட்டிவிட்டால், படகு நீரிலிருந்து எழ வேண்டிய தருணத்தில் எஞ்சின் திணறும். சுழற்சி ஏறாததால் போதிய புகை இல்லை, புகை இல்லாததால் டர்போ அழுத்தம் தராது. மூக்கைத் தூக்கிக்கொண்டு படகு நீரை உழுதுகொண்டே போகும். பெட்ரோல் படகுக்காரர்கள் பலர் எஞ்சினின் பெல்ட்டால் ஓடிக் காற்றை அமுக்கும் சூப்பர்சார்ஜரை நாடுவதற்கு இது ஒரு காரணம். அது எஞ்சினின் சக்தியிலேயே ஒரு பங்கைத் தின்றாலும், கொதிக்கும் இரும்பை எஞ்சின் அறைக்குள் கொண்டுவருவதில்லை.

அந்தக் கொதிக்கும் இரும்பைப் பற்றித்தான் எனக்கு உண்மையான அச்சம். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது; மூடிய அறையின் அடியில் தேங்கும். சுமார் 280 டிகிரியைத் தாண்டினால் பொறியே இல்லாமல் பற்றக்கூடியது. 1940 ஏப்ரலுக்குப் பின் படகுக்குள் பொருத்தப்பட்ட பெட்ரோல் எஞ்சின் எதுவானாலும் பின்தீயைத் தடுக்கும் அமைப்பு வேண்டும் என்று அமெரிக்கச் சட்டம் சொல்வது இந்த ஆபத்தை அறிந்துதான். அமுக்கிய காற்றை கார்புரேட்டருக்குள் செலுத்தும் வீட்டுப் பட்டறை வேலைகளில், அந்த அழுத்தம் த்ராட்டில் தண்டின் ஓரங்கள் வழியே பெட்ரோலை நுண்துளிகளாக வெளியே தள்ளக்கூடும். ஓரிரு அடி தள்ளிச் செந்தணலாக ஒரு டர்போ. சாலையோரத்தில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி ஓடலாம். ஏரியின் நடுவில் குழந்தைகளோடு எங்கே இறங்குவது?

சக்தியைப் புரொப்பெல்லருக்குக் கடத்தும் டிரைவும் ஒரு வரம்புக்குள்தான் தாங்கும். மெர்க்குரூசரின் ஆல்ஃபா ஒன் டிரைவ் 300 குதிரைத்திறன் வட்டாரத்துக்கானது. அதன் பற்சக்கரங்கள் 500ஐப் பொறுக்கா.

அப்படியானால் டர்போ பெட்ரோல் படகே கூடாதா? மெர்க்குரி ரேசிங் 2010இல் வெளியிட்ட 1350 குதிரைத்திறன் எஞ்சின் இந்தக் கேள்விக்கு நேரடியான பதில். 9 லிட்டர், இரட்டை டர்போ, அவற்றுக்கு நீர்க்குளிர்ச்சி. இந்த வேலைக்கென்றே புதிதாக வடிவமைத்த எஞ்சின் அது, டர்போவுக்காகப் பிறந்தது. பழைய 7.4 லிட்டர் பிளாக்கில் அதே பாதையில் போக வேண்டுமானால் ஃபோர்ஜ் செய்த பிஸ்டன், தாழ்ந்த அமுக்க விகிதம், வெப்பம் தாங்கும் வால்வு, புதிய எரிபொருள் அமைப்பு, வலுவான டிரைவ் என்று நீளும். அந்தச் செலவில் 8.2 லிட்டர் எஞ்சினுக்கு மாறினால், கொஞ்சம் குறைவான வேகத்தோடு நிம்மதியாகப் பல கோடைகள் ஓட்டலாம்.

ஒரேயொரு சூழலில் நான் டர்போவை மனமாரப் பரிந்துரைப்பேன். கலிஃபோர்னியா, நெவாடா எல்லையிலுள்ள தாகோ ஏரி கடல்மட்டத்திலிருந்து 1,897 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். 300 குதிரைத்திறன் எஞ்சின் 240 வட்டாரத்துக்கு இறங்கிவிடும். சிறிய டர்போவால் 0.2 பார் கூட்டினால், அது இழந்ததைத் திருப்பித் தருவதோடு சரி. பிஸ்டனும் டிரைவும் தாங்கச் செய்யப்பட்ட அளவுக்குள்ளேயே ஏறத்தாழ நிற்கின்றன. புகைப்பாதையையும் தீத்தடுப்பையும் அப்போதும் குறையின்றிச் செய்தாக வேண்டும். இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: அழுத்தத்தை வரையறுக்கும் வால்வை, சுற்றுக்காற்றோடு ஒப்பிட்டு அல்லாமல் மொத்த அழுத்தத்தை அளந்தே இயங்குமாறு அமைக்க வேண்டும். இல்லாவிட்டால் அதே படகை டிரெய்லரில் ஏற்றி, மலையிறங்கி, சாக்ரமெண்டோ ஆற்றில் விடும் நாளில், கடல்மட்டக் காற்றின்மேல் அந்த 0.2 பாரும் ஏறிக்கொள்ளும்.