மேகத்துக்காகக் காத்திருந்தவர்

வெறும் நீல வானில் பறக்கும் விமானத்தைத் திரையில் பாருங்கள். எவ்வளவு விரைந்தாலும் அது அந்தரத்தில் நிற்பதுபோலவே தோன்றும். பின்னால் ஒரு மேகம் நகர்ந்தால்தான் வேகம் கண்ணுக்குப் பிடிபடும்.

இயக்குநர் வில்லியம் வெல்மனுக்கு இது நன்றாகத் தெரியும். முதல் உலகப் போரில் பிரான்ஸில் போர் விமானம் ஓட்டியவர் அவர். 'விங்ஸ்' (1927) படத்தை டெக்சாஸின் சான் அன்டோனியோ அருகே எடுத்தபோது, வானச் சண்டைக் காட்சிகளுக்கு மேகம் கூடிவரும்வரை படப்பிடிப்பை நிறுத்திவைத்தார். செலவு ஏறுகிறதே என்று தயாரிப்பு நிறுவனம் நெருக்கியும் அவர் அசையவில்லை. அந்தப் பிடிவாதத்தால்தான், வெண்குவியலுக்குள் புகுந்து மறையும் விமானம் மறுபக்கம் வெளிப்படும்போது வானத்துக்கு ஓர் ஆழம் கிடைக்கிறது. எதிரி எங்கிருந்து பாய்வானோ என்று நெஞ்சு அடித்துக்கொள்கிறது.

மேகத்தைவிட அரியவை அந்தப் படத்தின் முகங்கள். நாயகர்களில் ஒருவரான பட்டி ரோஜர்ஸுக்கு முதலில் விமானம் ஓட்டத் தெரியாது; படப்பிடிப்பின்போதே கற்றுக்கொண்டார். தனக்கு எதிரே பொருத்திய கேமராவை நடுவானில் தானே முடுக்கிவிட்டு நடித்தார். காற்று அறையும்போது கண் சுருங்குவதை எந்த அரங்கிலும் பயிற்சி கொடுத்து வரவழைக்க முடியாது. முதல் ஆஸ்கர் விழாவில் சிறந்த படமாகத் தேர்வானது இந்த மௌனப் படம்தான்.

ஹோவர்ட் ஹ்யூஸும் 'ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ்' (1930) படத்துக்காக மேகங்களுக்குக் காத்திருந்தார். பிரமாண்டமான படம். ஆனால் அதை எடுக்கும்போது விமானிகள் உயிரிழந்தார்கள் என்று தெரிந்தபின் முழுமனதோடு ரசிக்க முடிவதில்லை.

ஜப்பானிய அனிமேஷன் இயக்குநர் ஹயாவோ மியாசாகிக்குக் காத்திருக்கும் தேவை இல்லை. மேகத்தை அவரே வரைந்துகொள்வார். விமானங்களும் அவருக்கு அந்நியமல்ல; அவருடைய அப்பா போர்க்காலத்தில் விமான உதிரிபாகங்கள் செய்யும் தொழிற்சாலை நடத்தியவர். 'போர்கோ ரோஸ்ஸோ'வில் (1992) மேகக் கடலுக்கு மேலே, மாண்ட விமானிகளின் விமானங்கள் வரிசையாக மேலேறிச் செல்லும் காட்சி விமானப் படங்களிலேயே உச்சம். 'தி விண்ட் ரைசஸ்' (2013) படத்திலோ இன்ஜின் உறுமல்களை மனிதர்கள் தங்கள் குரலாலேயே எழுப்பினார்கள். அதனால் அந்த எந்திரங்கள் மூச்சுவிடுவதாகவே காதுக்குப் படுகிறது.

'டாப் கன்: மேவரிக்' (2022) படத்தில் நடிகர்கள் எஃப்-18 விமானத்தின் பின்னிருக்கையில் அமர்ந்து, கேமராவைத் தாங்களே இயக்கினார்கள். திருப்பத்தில் உடல் எடை பல மடங்காகிக் கன்னம் கீழே இழுபடுவது அத்தனையும் நிஜம். ரோஜர்ஸ் செய்ததும் இதைத்தான். இரண்டு படங்களையும் ஒரே வாரத்தில், 'விங்ஸ்' முதலாக, பெரிய திரையில் பார்ப்பது நல்லது.